வணிக அறிமுகத் தாளிலிருந்து கல்லாப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள்

எங்கள் மாவட்டச் சமுதாயக் கல்லூரியின் முதல்வருக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

வரும் கல்வியாண்டு முதல் ஓராண்டுப் பட்டயப் படிப்பின் 'வணிகம் ஓர் அறிமுகம்' தாளில் செய்முறை நேரம் முழுவதும் நீக்கப்படும், மாலை வகுப்பு நிறுத்தப்படும், 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தோம். மூன்று முடிவுகளையும் எங்களால் ஏற்க முடியவில்லை. இந்தத் தாளைப் பகுதிநேரமாக நடத்துகிறவர்கள், உங்கள் மாணவர்களுக்குக் களப்பயிற்சிக்கு இடம் கொடுக்கும் கடைக்காரர்கள், படிப்பு முடித்து அவர்கள் தொழில் தொடங்கியதும் கணக்கு எழுதித் தரும் வரி ஆலோசகர்கள் எல்லோரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

இதுவரை இந்தத் தாளுக்கு 60 மணி நேரம். அதில் 24 மணி வகுப்பு, 36 மணி செய்முறை. புதிய திட்டத்தில் 60 மணியும் விரிவுரை. அலகுகளைப் பார்த்தோம்: வணிகத்தின் பொருளும் நோக்கங்களும், தனியாள் வணிகம் முதல் கூட்டு நிறுவனம் வரை உள்ள வகைகள், ஃபேயோலின் 14 மேலாண்மைக் கோட்பாடுகள், மாஸ்லோவின் தேவைப் படிநிலை, மின்வணிகம் ஓர் அறிமுகம். பி.காம். முதல் பருவத்துப் பாடத்தைச் சுருக்கி இங்கே வைத்திருக்கிறீர்கள். பி.காம். மாணவருக்கு இது பொருந்தும். இதற்கு மேல் கட்ட அவருக்கு இன்னும் ஐந்து பருவங்கள் இருக்கின்றன. உங்கள் மாணவருக்கு இருப்பது ஒரே வருடம். வணிகம் பற்றி அவர் படிக்கப்போகும் முதல் தாளும் கடைசித் தாளும் இதுவாகவே இருக்கலாம்.

இந்த வகுப்பில் உட்காருகிறவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். ஜவுளிக் கடையில் துணி மடித்துக் கொடுப்பவர், வீட்டில் தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைப்பவர், பத்தாம் வகுப்போடு நின்றுபோய் செல்போன் கடையில் சேர்ந்த பையன், கணவரின் மளிகைக் கடையை இனி தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் பெண். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியதும், அடுத்த ஆண்டே சென்னையில் ஒன்று வந்ததும் இவர்களை மனதில் வைத்துத்தான். 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு இதை நாடு தழுவிய திட்டமாக்கியபோது, ஓராண்டுப் பட்டயத்தின் 60 கிரெடிட்டில் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 36 திறன் பகுதிக்கு, 24 பொதுக்கல்விக்கு என்று பிரித்துக் கொடுத்தது.

இந்தத் தாள் அந்த 24 பொதுக்கல்விக் கிரெடிட்டில் வருவதால் செய்முறை தேவையில்லை என்று சுற்றறிக்கை சொல்கிறது. பொதுக்கல்வி என்றால் கையால் எதையும் செய்யக் கூடாது என்று அந்த வழிகாட்டுதலில் எங்கும் இல்லை. தவிர, திறன் பகுதியில் நீங்கள் சொல்லிக்கொடுப்பது தையல், உணவு பதப்படுத்துதல், செல்போன் பழுதுபார்த்தல். அந்தத் திறனை வைத்துப் பிழைப்பதற்குத் தேவையான கணக்கு இந்த ஒரு தாளில் மட்டும்தான் இருக்கிறது. இங்கே எடுத்துவிட்டால் வேறெங்கும் அதற்கு இடமில்லை.

நீக்கப்படுவது என்ன என்பதை உங்கள் குழுவில் எல்லோரும் நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதல் வாரத்துச் செய்முறை கல்லாவைச் சரிபார்ப்பது. மாணவர் கையில் ஒரு சிட்டை கொடுக்கப்படும். காலையில் கல்லாவில் 1,500 ரூபாய். அன்றைய விற்பனை 6,840. அதில் ஜிபே, போன்பே வழியாக 2,910, கடனாகப் போனது 630. பழைய பாக்கி ரொக்கமாக வந்தது 450. காய்கறிக்காரருக்குக் கொடுத்தது 1,200, டீ செலவு 60, வீட்டுக்கு எடுத்தது 500. இரவு கடை சாத்தும்போது கல்லாவில் எவ்வளவு இருக்க வேண்டும்?

பாதிப் பேர் 6,840இலிருந்து செலவைக் கழிக்கத் தொடங்குவார்கள். விற்பனையும் ரொக்கமும் ஒன்று என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. ரொக்க விற்பனை 3,300 மட்டுமே என்று பிரித்தெடுத்து, 1,500ஐயும் 450ஐயும் கூட்டி, 1,200, 60, 500 மூன்றையும் கழித்தால் 3,490 வரும். இதை எட்டுவதற்கே முதல் நாள் ஒரு மணி நேரம் ஆகும்.

அடுத்து, எண்ணிப் பார்த்தால் பெட்டியில் 3,290தான் இருக்கிறது என்று சொல்வோம். 200 எங்கே? வகுப்பு உண்மையில் தொடங்குவது இங்கேதான். தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நோட்டுகளை வகைப்படி இன்னொரு முறை எண்ண வேண்டும். பிறகு ஜிபே வரவுப் பட்டியலை எடுத்து நோட்டில் உள்ள 2,910உடன் ஒப்பிட வேண்டும். பட்டியலில் 3,110 இருக்கிறது. அப்படியென்றால் பழைய பாக்கி 450இல் 200ஐ யாரோ ஜிபேயில் போட்டிருக்கிறார், கடையில் அது ரொக்கம் என்று எழுதப்பட்டிருக்கிறது. பணம் தொலையவில்லை, எழுதின இடம்தான் தப்பு. பட்டியலும் சரியாக இருந்தால் அடுத்து மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: ஜிபேயில் கூடுதலாகப் போட்டவருக்குக் கையில் கொடுத்த மீதி, எழுதாமல் வீட்டுக்கு எடுத்த காசு, சரக்கு இறக்கியவருக்குக் கொடுத்த இறக்குகூலி. இந்த மூன்றும் சின்னக் கடைகளில் எழுதப்படுவதே இல்லை. இந்த வரிசை தெரியாத முதலாளிகள் கடைப் பையனைச் சந்தேகப்படுகிறார்கள். வரிசை தெரிந்த பையன் தன் நேர்மையைத் தானே நிரூபித்துக்கொள்கிறான். உங்கள் மாணவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தில்தான் வேலை பார்க்கிறார்கள்.

இதை எழுத்துத் தேர்வில் எப்படிக் கேட்பீர்கள்? 'ரொக்க ஏடு என்றால் என்ன, அதன் வகைகளை விளக்குக' என்று கேட்கலாம். ஒரு பக்கம் எழுதி எட்டு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். 200 ரூபாயை மட்டும் கண்டுபிடிக்க வராது.

இரண்டாவது செய்முறை அடக்கவிலை. உணவு பதப்படுத்துதல் படிக்கும் பெண்கள் பலர் இட்லி மாவு அரைத்து விற்கிறார்கள், அல்லது விற்க நினைக்கிறார்கள். அவர்களை வைத்தே கணக்குப் போட வைப்போம். நான்கு கிலோ இட்லி அரிசி, ஒரு கிலோ உளுந்து. அரிசி கிலோ 50 என்றால் 200, உளுந்து 130, வெந்தயம் உப்புக்கு 10. தண்ணீர் சேர்த்து அரைத்தால் ஏறக்குறைய 12 கிலோ மாவு, அதாவது 12 பாக்கெட். பாக்கெட் கவர் இரண்டு ரூபாய் வீதம் 24. கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் கரண்ட் 15 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 379. கடைக்கு ஒரு பாக்கெட் 40க்குப் போடுகிறார். 12 பாக்கெட்டுக்கு 480. லாபம் 101 ரூபாய் என்று சந்தோஷமாக எழுதுவார்.

இப்போது விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்வோம். புளித்துப்போய்த் திரும்பி வரும் பாக்கெட் ஒன்று. கடைக்காரர் அதற்குப் பணம் தரமாட்டார். ஆகவே வரவு 440தான். வண்டியில் கொண்டுபோய்ப் போட பெட்ரோல் 30. கிரைண்டர் 30,000 ரூபாய், ஐந்து வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 6,000, மாதம் 500, மாதத்தில் 25 நாள் ஓடினால் நாளைக்கு 20. இந்த மூன்றையும் கழித்தபின் 101 ரூபாய் லாபம் 11 ரூபாயாகிவிடும். ஊறவைப்பது, கழுவுவது, அரைப்பது, பாக்கெட் போடுவது, கடைக்குக் கடை அலைவது என்று மூன்று மணி நேரம் ஆகிறது. அந்த உழைப்புக்கு இன்னும் ஒரு பைசாகூடக் கணக்கில் எழுதவில்லை.

இந்த 11 ரூபாயைப் பார்த்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு கேள்விகள் வரும். விலையை 45 ஆக்கினால்? திரும்பி வருவது போக 11 பாக்கெட்டுக்கு 495 வரும், மிச்சம் 66. விலை ஏற்றாமல் இரண்டு மடங்கு அரைத்தால்? 24இல் இரண்டு திரும்பும், 22 பாக்கெட்டுக்கு 880, பொருள் செலவு 758. பெட்ரோலும் கிரைண்டர் தேய்மானமும் மாறாது என்று வைத்தால் அதே 50. மிச்சம் 72. ஃபிரிட்ஜ் இல்லாத கடைக்குப் போடுவதை நிறுத்தி, திரும்பி வருவதை அறவே ஒழித்தால்? 12 பாக்கெட்டில் அதுவே 40 ரூபாய் கூட்டும். எந்த வழி தனக்குச் சரிப்படும் என்று அவரே முடிவெடுக்கிறார். நிலைச்செலவு, மாறும் செலவு என்ற இரண்டு சொற்களையும் அதற்குப் பிறகு அவர் மறப்பதில்லை. அந்தச் சொற்களை முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டு விளக்கம் கொடுத்தால், அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருக்காது.

இதே கணக்கின் தொடர்ச்சியாக பாக்கெட்டின் மேல் என்ன அச்சிட வேண்டும் என்பதும் வரும்: உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், சேர்மானங்கள், பச்சைப் புள்ளி, நிகர எடை, தயாரித்த நாள், எதுவரை பயன்படுத்தலாம், அதிகபட்ச விலை, தயாரித்தவர் பெயரும் முகவரியும், புகாருக்கு ஒரு போன் எண். ஒன்று விட்டுப்போனாலும் அதிகாரி சோதனைக்கு வரும்போது அபராதம் கடைக்காரர் தலையில் விழலாம். அதனால்தான் விவரம் தெரிந்த கடைக்காரர் வெறும் கவரில் வரும் மாவை வாங்குவதில்லை.

கடைக்கு இடம் பார்ப்பதும் இப்படித்தான். வாடகை 6,000, கரண்ட் 1,500, உதவியாள் சம்பளம் 9,000. ஆக மாதம் 16,500 வந்தே தீர வேண்டும். மளிகையில் சராசரியாக 15 சதவீதம் நிற்கிறது என்றால், 1,10,000 ரூபாய்க்கு விற்றால்தான் கைப்பணம் போகாமல் இருக்கும். மாதம் 26 நாள் கடை திறந்தால் நாளைக்கு 4,230 ரூபாய் சொச்சம். அந்தத் தெருவில் அவ்வளவு நடக்குமா என்று இரண்டு நாள் காலையும் மாலையும் நின்று ஆள் எண்ணி வரச் சொல்கிறோம். 80 ரூபாய்ச் சரக்கை 100க்கு விற்றால் அடக்கத்தின் மேல் 25 சதவீதம், விற்பனையில் 20 சதவீதம் என்ற வேறுபாடு தெரியாமல், '25 சதவீதம் நிற்கிறதே' என்று 20 சதவீதம் தள்ளுபடி போட்டுவிட்டு, மாதக் கடைசியில் காசு எங்கே போனது என்று தேடுகிற கடைகள் ஏராளம்.

கடன் பற்றிய செய்முறையை நீக்குவதுதான் எங்களுக்கு மிகவும் வலிக்கிறது. சின்ன வியாபாரியை வாழவிடாமல் செய்வது பெரும்பாலும் இதுதான்.

மூன்று லட்சம் ரூபாய், 11 சதவீத வட்டி, ஐந்து வருடத் தவணை. குறையும் நிலுவைக்கு வட்டி என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 6,523. அதே 11 சதவீதத்தை 'ஃபிளாட்' என்று சொன்னால் முதல் மூன்று லட்சத்துக்கே ஐந்து வருடமும் வட்டி ஓடும். வட்டி 1,65,000, மாதத் தவணை 7,750. இரண்டிலும் சதவீதம் ஒன்று, வட்டியில் வித்தியாசம் 73,000க்கு மேல். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் 'ஃபிளாட்டா, குறையும் நிலுவையா?' என்ற ஒரே கேள்வியைக் கேட்கப் பழக்குவதற்காகவே இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தோம்.

அடுத்து தண்டல். பத்தாயிரம் கடன் என்று பேச்சு, கையில் தருவது 8,500. நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். '1,500தானே போகிறது, 15 சதவீதம்' என்று சந்தை வியாபாரிகள் நினைக்கிறார்கள். கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 120 சதவீத வட்டி. மாணவர்களை வைத்து 100 நாளையும் ஒரு நீளத் தாளில் வரிசையாக எழுத வைத்தால்தான் இது மண்டையில் ஏறும். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். நாங்கள் மிகைப்படுத்துகிறோம் என்று நினைப்பார்கள்.

மானியக் கடனிலும் தவறான எதிர்பார்ப்பு இருக்கிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதமும், பெண்கள், பட்டியலினத்தவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 25, 35 சதவீதமும் மானியம் என்று துண்டுப் பிரசுரத்தில் போட்டிருக்கும். அந்தப் பணம் கைக்கு வராது, மூன்று வருடம் வங்கியிலேயே வைப்புத்தொகையாக நிற்கும், தொழில் நடந்தால்தான் கடனில் கழியும் என்பது அதில் பெரிய எழுத்தில் இருக்காது. மானியத்தை நம்பி மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மாதிரி வங்கிக் கடிதம், மாதிரித் திட்ட அறிக்கை இரண்டையும் வைத்து ஒரு விண்ணப்பத்தை முழுதாக நிரப்பிப் பார்த்தவருக்கு இந்த ஆபத்து இல்லை.

புதிய திட்டத்துக்கு நீங்கள் பரிந்துரைத்திருக்கும் புத்தகத்தையும் பார்த்தோம். குறுந்தொழிலுக்கு விளக்கம், எந்திரத்தில் 25 லட்சம் ரூபாய் வரை முதலீடு என்று அச்சாகியிருக்கிறது. அது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய வரையறை. 2020 ஜூலை 1இல் அது மாறியது. 2025 ஏப்ரல் 1இல் மறுபடி மாறி, இப்போது முதலீடு இரண்டரைக் கோடி, ஆண்டு விற்றுமுதல் 10 கோடி வரை குறுந்தொழில். ஜி.எஸ்.டி. அத்தியாயத்தில் 5, 12, 18, 28 என்ற அடுக்குகள் இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற இரண்டுக்குள் வந்துவிட்டன. பழைய சதவீதத்தை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய மாணவர், வேலைக்குச் சேர்ந்த கடையில் அதே சதவீதத்தில் பில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்ட விவரங்களில் சின்னக் கடைக்குத் தேவையானது கொஞ்சம்தான், ஆனால் அது துல்லியமாகத் தெரிய வேண்டும். சரக்கு மட்டும் விற்கிறவருக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் விற்றுமுதல் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு. சரக்கு விற்கும் சிறு வியாபாரி, இணக்க வரி என்ற எளிய முறையில் சேர்ந்தால் விற்பனையில் ஒரு சதவீதம் கட்டினால் போதும். ஆனால் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வசூலிக்கக் கூடாது, வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. சேர்ந்த கையோடு பழைய பில் புத்தகத்திலேயே வரி போட்டுக் கொடுத்து நோட்டீஸ் வாங்கியவர்கள் எங்களிடம் வருகிறார்கள். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும்; கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வெறும் வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உங்கள் புதிய ஐந்து அலகுகளில் இவற்றில் எதற்கும் இடமில்லை.

செய்முறை மதிப்பெண்ணை நம்ப முடியவில்லை, மாணவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் நாளேட்டை (30 நாள் கடைக் கணக்கு நோட்டை) எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது உங்கள் முக்கியமான காரணம். அது நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிடிப்பது கடினமில்லை. 30 நாளும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து வேகம்; எந்த நாளிலும் வித்தியாசம் விழவில்லை; இறுதி இருப்பு எல்லாம் ஐம்பதிலும் நூறிலும் முடிகிறது; ஞாயிற்றுக்கிழமை விற்பனையும் செவ்வாய்க்கிழமை விற்பனையும் ஒன்றுபோல் இருக்கிறது. இப்படி இருந்தால் அது ஒரே இரவில் உட்கார்ந்து எழுதிய நோட்டு. உண்மையான நாளேட்டில் அடித்தல் திருத்தல் இருக்கும், 10, 20 ரூபாய் இடிக்கும். ஏதாவது மூன்று தேதியைச் சொல்லி ஜிபே பட்டியலை எடுத்துக் காட்டச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வாரத்துக்கு ஒரு முறை ஆசிரியர் நோட்டில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டால், கடைசி இரவில் எழுதுவதே நின்றுபோகும். கண்காணிப்பில் உள்ள குறைக்குப் பாடத்தையே நீக்குவது நியாயமல்ல.

ஆய்வகம் இல்லை, செலவாகும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தாளுக்கு ஆய்வகம் வேண்டாம். ஒரு மாணவருக்கு மூன்று நீள நோட்டு: ரொக்கத்துக்கு ஒன்று, கடன் பாக்கிக்கு ஒன்று, சரக்கு இருப்புக்கு ஒன்று. வகுப்புக்குப் பொதுவாக ஒரு மின்னணுத் தராசு, ஒரு கால்குலேட்டர் தொகுதி, சில மாதிரி பில் புத்தகங்கள். 30 பேர் கொண்ட வகுப்புக்கு 10,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். தராசும் கால்குலேட்டரும் பல வருடம் வரும். களப்பயிற்சிக் கடைகள் ஒரு பைசா கேட்கவில்லை, இனியும் கேட்கப்போவதில்லை.

மாலை வகுப்பை நிறுத்துவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறோம். காலை பத்து மணிக்கு வகுப்பு வைத்தால் வேலையில் இருப்பவர் வரமுடியாது. பள்ளிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சமையலை முடித்து, தைக்கக் கொடுத்த துணியை முடிக்க வேண்டிய பெண்ணும் வரமுடியாது. வருவது யார்? வேறு கல்லூரியில் இடம் கிடைக்காத இளைஞர்கள். அவர்களுக்கும் கல்வி வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவரை வெளியே தள்ளிவிட்டு அவர்களை உள்ளே கொண்டுவர வேண்டியதில்லை. மாணவர் எண்ணிக்கை குறைவு என்று காரணம் சொல்கிறீர்கள். மாலை வகுப்பு இருப்பதைச் சேர்க்கை அறிவிப்பில் போடாமல் எண்ணிக்கை எப்படிக் கூடும்? உழவர் சந்தையிலும் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டங்களிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் ஆள் வரும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாக முன்வைக்கிறோம்.

'வணிகம் ஓர் அறிமுகம்' தாளின் 60 மணி நேரத்தில் 36 மணி செய்முறையாகவே தொடர வேண்டும். அதில் கல்லாச் சரிபார்ப்பு, அடக்கவிலை, இடம் பார்த்தல், கடன் ஒப்பீடு, பில் போடுதல் ஆகிய ஐந்தும் பெயர் சொல்லிப் பாடத்திட்டத்தில் அச்சாக வேண்டும். 'ஆசிரியர் விருப்பப்படி' என்று விடக் கூடாது. விட்டால் அடுத்த ஆண்டு ஆசிரியர் மாறும்போது அதுவும் போய்விடும். ஃபேயோலையும் மாஸ்லோவையும் முற்றிலும் எடுக்கச் சொல்லவில்லை. மீதி 24 மணியில் இரண்டு மணி அவர்களுக்குப் போதும்.

மதிப்பெண்ணில் 60 செய்முறைக்கு, 40 எழுத்துக்கு என்று வையுங்கள். 30 நாள் நாளேட்டுக்கு 15, மாணவர் தன் சொந்தத் தொழிலுக்கோ வேலை பார்க்கும் கடைக்கோ போட்ட அடக்கவிலைத் தாளுக்கு 15, கடன் ஒப்பீட்டுக்கு 10, பில்லும் பதிவு விண்ணப்பமும் சேர்த்து 10, நேர்முகக் கேள்விக்கு 10. நேர்முகத்தில் கல்லூரிக்கு வெளியிலிருந்து ஒருவர் உட்காரட்டும். அந்தப் பொறுப்பை ஊதியமில்லாமல் ஏற்க எங்களில் பலர் தயாராக இருக்கிறோம்.

மாலை ஆறு முதல் எட்டு வரை நடக்கும் வகுப்பை நிறுத்தாமல் தொடருங்கள். ஐந்து நாளும் முடியாவிட்டால் வாரம் மூன்று நாள் போதும். பத்து வாரத்தில் 60 மணியும் முடிந்துவிடும். வகுப்பு நேரத்தைச் சேர்க்கை அறிவிப்பில் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

பரிந்துரைப் புத்தகத்தை மாற்றுங்கள், அல்லது அதோடு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் ஜனவரியிலும், நான்கு பக்கத் திருத்தத் தாள் ஒன்றை வெளியிடுங்கள். ஜி.எஸ்.டி. வரம்பும் விகிதமும், குறுந்தொழில் வரையறை, கடன் திட்ட விதிகள் ஆகியவை அதில் இருக்கட்டும். முதல் தாளைத் தயாரித்துத் தர எங்கள் வரி ஆலோசகர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அச்சுக்குப் போகும் முன் உங்கள் வணிகவியல் துறையினர் சரிபார்த்தால் போதும்.

பாடத்திட்டக் குழுவில் உள்ளூர் வியாபாரி ஒருவருக்கும், சுயதொழில் நடத்தும் முன்னாள் மாணவி ஒருவருக்கும் இடம் கொடுங்கள். சமுதாயக் கல்லூரித் திட்டமே உள்ளூர்த் தொழிலைச் சேர்த்துக்கொண்டு பாடம் அமைக்கத்தான் வந்தது. இந்தச் சுற்றறிக்கை தயாரான கூட்டத்தில் அப்படி ஒருவரும் இல்லை.

சேர்க்கை அறிவிப்பு வெளியாகும் முன் குழுவை மறுபடி கூட்டி, எங்களில் மூவரையாவது நேரில் அழைத்துக் கேளுங்கள். மாணவர்களின் பழைய நாளேடுகளையும் அடக்கவிலைத் தாள்களையும் எடுத்து வருகிறோம். அதன் பிறகும் மாற்றம் இல்லை என்று முடிவெடுத்தால், காரணத்தை எழுத்தில் கொடுங்கள். அதுவரை புதிய திட்டத்தை நிறுத்திவைத்து, பழைய பாடத்திட்டத்திலேயே இந்த ஆண்டுச் சேர்க்கையை நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பகுதிநேர ஆசிரியர்கள், களப்பயிற்சிக் கடை உரிமையாளர்கள், வரி ஆலோசகர்கள்